வாசல் பதினாறு என்றது

1

அண்ணன் மகள் போன வருஷம் வெளியூரில் ஒரு சியர்லீடிங் போட்டிக்குப் போய்விட்டு வந்தாள். காரைக்கால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டை தெரிந்தது. பார்க்கக் காகிதம் மாதிரி இருந்தது, ஆனால் இழுத்தால் கிழியவில்லை.

“போட்டி முடிஞ்சு ரெண்டு நாளாச்சே, இன்னும் ஏன் கட்டியிருக்க?”

“வெட்டினாத்தான் வரும் சித்தப்பா. உள்ள சிப் இருக்கு. அத வெச்சுத்தான் எங்கள எண்ணுனாங்க.”

பிறகு சாப்பிட்டுக்கொண்டே கதையைச் சொன்னாள். அணியில் பதினேழு பேர். எல்லார் கையிலும் பட்டை. அரங்கத்துக்குள் நுழைகிற இடத்தில் இரண்டு பக்கமும் தூண் மாதிரி ஏதோ நிறுத்தியிருந்தார்கள். அதன் நடுவே நடந்தால் போதும், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று திரையில் வந்துவிடும். இவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டபடி கும்பலாக நுழைந்திருக்கிறார்கள். திரை பதினாறு என்றது. டீச்சர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார், பதினேழு. மேசையில் இருந்தவர், “சிஸ்டம் பதினாறுன்னுதான் காட்டுது மேடம்” என்றாராம்.

விடுபட்டது இவள்தான். தனியாக, கையைத் தூக்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்க மூன்று முறை நடக்க வைத்திருக்கிறார்கள். மூன்றாவது முறை ‘டிங்’. அதற்குள் ஒத்திகைக்குக் கொடுத்த நேரத்தில் பாதி போய்விட்டது.

“நான் அங்கயேதான் சித்தப்பா நின்னேன். டீச்சர் தொட்டு எண்ணுனாங்க. ஆனா நான் வரலைன்னாங்க.”

கடைசியில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். எடுத்துக் காட்டினாள். அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எங்கள் அண்ணன் பெயர் இருந்தது.

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அன்று முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆளைத் தவறவிட்ட வாசல், பெயரைத் தவறவிட்ட பட்டியல். இரண்டும் வேறு வேறு பிழைகள். இந்தக் கரையில் அந்த இரண்டு பிழைகளுக்கும் நீண்ட சரித்திரம் இருக்கிறது என்பது பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

2

சியர்லீடிங் என்றதும் நமக்கு 2008இல் தொடங்கிய ஐ.பி.எல்.தான் கண்ணில் வரும். பவுண்டரிக்கு ஆடுகிறவர்கள். போட்டிச் சியர்லீடிங் அது அல்ல. 1898இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் நின்று கோஷம் எழுப்பியதிலிருந்து இதன் கதையைத் தொடங்குவார்கள். ஆரம்பத்தில் ஆண்களின் வேலை அது. நூறு வருஷத்தில் பெண்கள் கைக்கு வந்து, ஜிம்னாஸ்டிக்ஸ் கலந்து, தனி விளையாட்டாகவே ஆகிவிட்டது. 2021 ஜூலையில் சர்வதேச ஒலிம்பிக் குழு இதன் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது.

நம்மூர்ப் பள்ளி ஆண்டு விழாவில் பசங்க ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்று கட்டும் ‘பிரமிடு’ ஞாபகம் இருக்கிறதா? அதையே இரண்டரை நிமிஷத்துக்குள், பாட்டோடு, ஆளைத் தூக்கி எறிந்து பிடித்துச் செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கீழே நின்று தாங்குகிறவர்கள், பின்னால் நின்று கழுத்தையும் தோளையும் காக்கிறவர், மேலே போகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். கிரிக்கெட்டில் பத்து பேரோடு கூடச் சமாளித்து ஆடிவிடலாம். இங்கே தாங்குகிற ஒருத்தி இல்லையென்றால் மேலே போகிறவள் தரையில் விழுவாள். என் அண்ணன் மகள் தாங்குகிறவள்.

அதனால் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது இந்த விளையாட்டில் சும்மா ஒரு சம்பிரதாயம் இல்லை. வயதுப் பிரிவு சரியா, ஒரே பெண் இரண்டு அணியில் ஆடுகிறாளா, பதிவு செய்தவள்தான் ஆடுகிறாளா என்றெல்லாம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் உள்ளே போன குழந்தைகள் அத்தனை பேரும் சாயங்காலம் வெளியே வந்தார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளில் பல நூறு பிள்ளைகள், ஒவ்வோர் அணிக்கும் ஒத்திகைக்குச் சில நிமிஷங்கள். பெயர் கூப்பிட்டு டிக் அடித்துக்கொண்டிருந்தால் ராத்திரியாகிவிடும். பட்டை வந்ததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக் கூட்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும்போது உள்ளங்கையில் பேனாவால் போன் நம்பர் எழுதிவிடும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அதே பயம்தான், அதே அன்புதான்.

3

அந்தப் பட்டைக்குள் பேட்டரி கிடையாது. மெல்லிய உலோகக் கோடாக ஓர் ஆன்டெனா, நடுவில் மிளகை விடச் சின்னதாக ஒரு சிப். தூணில் இருக்கும் கருவி ரேடியோ அலையை வீசும். அந்த அலையிலிருந்தே கொஞ்சம் சக்தியை எடுத்துக்கொண்டு சிப் விழிக்கும், தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும், மறுபடி உறங்கிவிடும். ஆர்.எஃப்.ஐ.டி. என்கிறார்களே, அது இதுதான். 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாகிவிட்ட ஃபாஸ்டேக் இதே குடும்பம்.

பேட்டரி இல்லாமல் பதில் சொல்லும் பொருளுக்கு ஒரு முன்னோடிக் கதை உண்டு, அதிலும் பிள்ளைகள் வருகிறார்கள். 1945இல் சோவியத் பள்ளிப் பிள்ளைகள், மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரச முத்திரை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். தூதர் அதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டினார். அதற்குள் லியோன் தெரமின் என்ற விஞ்ஞானி வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. வெளியிலிருந்து ரேடியோ அலையை வீசினால் மட்டும் அது உயிர் பெறும். 1952இல் கண்டுபிடிக்கும்வரை அது சுவரிலேயே இருந்தது. பரிசு கொடுத்த குழந்தைகளுக்குத் தாங்கள் எதைச் சுமந்து போனோம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சிப் சொல்வது எண்ணை மட்டும்தான். பெயர், வயது, பள்ளி, போட்டோ எதுவும் அதற்குத் தெரியாது. அவையெல்லாம் எங்கோ ஒரு கணினியில், யாரோ தட்டச்சு செய்த பட்டியலில் இருக்கின்றன. அப்புறம், இந்த வகைப் பட்டைகளில் பலவும் பயன்படுத்தும் மீவுயர் அலைவரிசையை மனித உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால். பட்டை தோலோடு ஒட்டிக் கிடந்தாலோ, நாலு பேர் நெருக்கி நின்றாலோ அலை போய்ச் சேராது. என் அண்ணன் மகள் தோழிகளின் தோளில் கைபோட்டு நடுவில் வந்தாள். சுற்றியிருந்த உடம்புகள் அவளை வாசலிடமிருந்து மறைத்துவிட்டன. இயந்திரத்தைப் பொறுத்தவரை, கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் வரவே இல்லை.

4

ஓட்டப்பந்தயத்துக்கு இந்தச் சிப் வந்தது 1990களின் நடுவில். நெதர்லாந்துக்காரர்கள் ‘சாம்பியன்சிப்’ என்ற பெயரில் ஷூ லேசில் கட்டும் ஒன்றைச் செய்தார்கள். உள்ளே இருந்த சின்னக் கண்ணாடிக் குழாய் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் தயாரிப்பு. அதே வகைக் குழாய்கள் கால்நடைகளை அடையாளம் காணவும் பயன்பட்டவை. நம்மூர் மாட்டின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லையில் சிப் இல்லை, 12 இலக்க எண் மட்டும்தான். நம் ஆதாருக்கும் 12 இலக்கம்தான் என்பது தற்செயலாக இருக்கலாம்.

1996இல் நூறாவது பாஸ்டன் மாரத்தானில் 38,000க்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தார்கள். அத்தனை பேரையும் சிப் வைத்துத்தான் கணக்கெடுத்தார்கள். அந்த ஊருக்கு அதன் அருமை தெரியும். 1980இல் ரோஸி ரூயிஸ் என்பவர் கடைசி ஒரு மைலுக்குள் கூட்டத்திலிருந்து நுழைந்து ஓடி, 2 மணி 31 நிமிஷம் 56 வினாடியில் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தது அங்கேதான். சில நாளில் குட்டு வெளிப்பட்டு, வெற்றி கனடாவின் ஜாக்குலின் கரோவுக்குப் போனது. வழிநெடுக சிப் வாசிக்கும் பாய்கள் இருந்திருந்தால் அந்த ஏமாற்று நடந்திருக்காது.

ஆனால் அதே பாஸ்டனில் எனக்குப் பிடித்த கதை வேறு. 1967இல் கே.வி. ஸ்விட்சர் என்று ஒருவர் பதிவு செய்தார். எண் 261. நம்மைப் போலவே இனிஷியல் போட்டு எழுதிய பெயர். ஆணா பெண்ணா என்று பட்டியலைப் பார்த்தால் தெரியாது. ஓட்டம் தொடங்கிய பிறகு, ஓடுவது கேத்ரின் என்ற பெண் என்று தெரிந்ததும், ஜாக் செம்ப்பிள் என்ற நிர்வாகி பாய்ந்து வந்து அவருடைய எண்ணைப் பிய்த்தெறியப் பார்த்தார். அவர் பிடித்து இழுக்க நினைத்தது அந்தப் பெண்ணின் கையையோ காலையோ அல்ல, எண்ணை. எண் போனால் ஆள் ஓடினாலும் ஓடாத மாதிரிதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஸ்விட்சர் ஓடி முடித்தார்.

நம் பக்கத்தில் இந்தச் சிப்பை ஆயிரக்கணக்கான சாதாரண இளைஞர்கள் கையில் கட்டியது மாரத்தான் அல்ல, வேலைக்கான ஓட்டம். தெலங்கானாவில் காவலர் தேர்வுக்கான உடல்திறன் சோதனையில் ஆர்.எஃப்.ஐ.டி. கைப்பட்டை கட்டிவிடுகிறார்கள். ஆண்களுக்கு 1600 மீட்டர், பெண்களுக்கு 800 மீட்டர். கடைசிச் சோதனை முடியும்வரை பட்டையைக் கழற்றக்கூடாது. ஆள்மாறாட்டமும் சிபாரிசும் புகுந்துவிடும் இடம் என்பதால் இதை வரவேற்கத்தான் வேண்டும். ஸ்டாப் வாட்ச் பிடித்திருப்பவரின் கட்டைவிரலை விட இது நேர்மையானது. சிபாரிசுக்கு ஆள் இல்லாத வீட்டுப் பையனுக்கு அந்தச் சிப் ஒரு துணை. இதையும் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலைப்பட்சமாக எழுதுகிறேன் என்று ஆகிவிடும்.

5

உடம்பில் எண்ணைக் கட்டி, வாசலில் வாசித்து, பட்டியலில் சரிபார்த்து உள்ளே அனுப்பும் முறை தமிழர்களுக்குப் புதிது அல்ல. மின்சாரம் மட்டும்தான் புதிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளிகளுக்கு ‘டின் டிக்கெட்’ என்று ஒன்று கொடுத்தார்கள். சின்ன வட்டத் தகரம். அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டியது. தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறை முகாமிலும், பின்னாளில் மண்டபம் முகாமிலும் அதைக் காட்டினால் போதும், சோறு, மருத்துவச் சோதனை, ரயில், கப்பல் எல்லாம் நடக்கும். செலவுக் கணக்கு நேராகத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், வாயே திறக்காமல், சரியான மலையில் சரியான தோட்டத்தில் போய் இறங்கிவிடலாம். ஒரு வகையில் பார்த்தால் அபாரமான ஏற்பாடு. இன்னொரு வகையில் பார்த்தால், கழுத்தில் தொங்கிய தகரம் சொன்னது அவர் யார் என்பதை அல்ல, அவர் யாருடைய ஆள் என்பதை.

அங்கே ‘துண்டு’ என்றும் ஒன்று இருந்தது. இத்தனை ரூபாய் கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. அந்தக் கடன் ஆளோடு அடுத்த தோட்டத்துக்கு நகரும். 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். தகரம் போகும் வழியைக் காட்டியது, துண்டு திரும்பும் வழியை அடைத்தது. அடையாள வில்லையைப் பற்றி யோசிக்கும்போது இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. கட்டும்போது யாருக்கு வசதி, கழற்றுகிற உரிமை யாருக்கு?

காரைக்காலுக்கு வருகிறேன். 1739இல் தஞ்சாவூர் மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் இது. 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய துறைகளில் அரசலாற்று முகத்துவாரத்து காரைக்காலும் ஒன்று. ‘ஒரேலி’ என்ற கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பில் முதல் தொகுதி இந்தியர்களை இறக்கியது. அதன் பிறகு வந்த முப்பத்தைந்து வருஷங்களில் அந்த ஒரு தீவுக்கு மட்டும் 40,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் பலர் சுற்றியிருந்த பிரிட்டிஷ் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள். அதனால் 1860, 1861இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டன. கப்பலேறும் துறையில் பிரிட்டிஷ் முகவர் ஒருவர் இருப்பார். ஏறுகிறவர் மனமுவந்துதான் போகிறாரா என்று விசாரிக்க வேண்டும்.

இந்த விசாரணையை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பதுண்டு. பஞ்சத்தில் அடிபட்டு, ஆள்பிடிப்பவன் கொடுத்த முன்பணத்தைச் செலவழித்துவிட்டு, கப்பலைப் பார்த்தபடி நிற்கிற ஒருவரிடம் “சம்மதமா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? நாம் இன்று போனில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பெட்டியைத் தட்டுகிறோமே, கிட்டத்தட்ட அந்தப் பதில்தான். இரண்டுக்கும் இழப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது, அதை மறக்கவில்லை. ஆனால் வாசலில் நின்றுகொண்டு, பின்னால் கூட்டம் தள்ள, வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத சம்மதம் என்கிற வகையில் இரண்டும் உறவுதான்.

6

இறங்கிய தீவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேட்டு எண். பெயரை எழுதியவர் பிரெஞ்சு எழுத்தர், காதில் விழுந்தபடி எழுதினார். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒற்றைப் பெயர்தான். எழுத்தருடைய ஏட்டிலோ குடும்பப் பெயருக்குக் கட்டம் இருந்தது. கட்டத்தை நிரப்பத்தானே வேண்டும்? முத்துசாமி, ராமசாமி, வீரப்பன் என்று ஒரு மனிதரின் சொந்தப் பெயராக இருந்தவை, குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் ‘முத்துசமி’, ‘ரமசமி’, ‘விரப்பேன்’ என்று பரம்பரைப் பெயர்களாக உறைந்துவிட்டன. இன்றும் அங்கே அவை குடும்பப் பெயர்கள்.

காரைக்காலிலேயே இது நடந்திருக்கிறது. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி இந்து, முஸ்லிம் வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்று எந்தப் படிவத்திலும் ‘லாஸ்ட் நேம்’ கட்டம் தொல்லை தராது. என் அண்ணன் மகளைப் போன்றவர்களுக்குத்தான் தொல்லை. போட்டிக்கான பதிவு மென்பொருள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்கவில்லை, டீச்சர் அப்பா பெயரைப் போட்டார், எந்திரம் அதை முன்னால் தள்ளி அச்சடித்தது. பக்கத்து ஊரான மயிலாடுதுறையில் 1969இல் பிறந்த விஸ்வநாதன் ஆனந்தை உலகமே ‘விஷி’ என்று செல்லமாகக் கூப்பிடுகிறது. விஸ்வநாதன் அவர் அப்பா பெயர். ஐந்து முறை உலகச் சாம்பியனானவருக்கே அந்தக் கதி என்றால் ஸ்டேட் லெவலில் மூன்றாவது வந்த பெண்ணுக்கு என்ன சொல்வது?

பெயர் தப்பாகப் பதிவானால் என்ன, ஆள் இருக்கிறாரே என்று கேட்கலாம். அதற்குப் பதில் குவாதலூப்பில் இருக்கிறது. 1863இல் அங்கே பிறந்த ஆன்ரி சிதம்பரம், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வம்சம். அந்த மண்ணில் பிறந்த இந்திய வம்சாவளியினரின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1904இல் வழக்காடத் தொடங்கினார். கரும்பு வெட்டும் பட்டியலில் அவர்கள் இருந்தார்கள், ஓட்டுப் போடும் பட்டியலில் இல்லை. அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். 1923இல்தான் தீர்ந்தது, பத்தொன்பது வருஷம். அவர் கேட்டதெல்லாம் ஒரு பட்டியலைத் திருத்தச் சொல்லித்தான். டீச்சர் தலையைத் தொட்டு எண்ணி “பதினேழு” என்று சொன்னதன் பெரிய வடிவம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

7

நான் பட்டைக்கு எதிரி இல்லை. அரங்கத்துக்குள் குழந்தை எங்கே இருக்கிறாள் என்று தெரிவது நல்லதுதான். ஆனால் அடுத்த முறை அவள் போவதற்கு முன் டீச்சரிடம் சில விஷயங்களைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பட்டியலில் பெயரை எப்படி எழுதினீர்கள் என்று முன்கூட்டியே எங்களுக்குக் காட்டுவார்களா? வாசல் ஓர் எண்ணும் டீச்சர் வேறோர் எண்ணும் சொன்னால் யார் பேச்சு எடுபடும்? பட்டையை எப்போது வெட்டுவார்கள், எண்ணோடு சேர்த்துவைத்த விவரங்களை எப்போது அழிப்பார்கள்? 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. எங்கள் அண்ணனிடம் யாரும் கேட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருந்தாலும் தட்டிவிட்டிருப்பார், நானும் தட்டியிருப்பேன்.

வாசலில் ஒருவர் விடுபட்டால் அவளைத் தனியாக நடக்கவிடாமல் எல்லாரையும் சேர்த்தே மறுபடி நடக்க வையுங்கள் என்றும் ஒரு வரி சேர்த்துச் சொல்லச் சொன்னேன். நெருக்கி நிற்காமல், ஆளுக்கு இரண்டடி விட்டு நடந்தால் வாசல் பதினேழு என்றே சொல்லும்.

“அப்ப கைபோட்டுட்டு போகக்கூடாதா?” என்றாள்.

“வாசல் தாண்டினப்புறம் போட்டுக்கங்க.”

மறுநாள் சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். முகத்துவாரத்துப் பக்கம் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. கைப்பையிலிருந்து சின்னக் கத்திரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினாள். வெட்டிக் கொடுத்தேன். தண்ணீரில் போடப் போகிறாள் என்று நினைத்தேன், ஆனால் மடித்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டாள். மூன்றாம் பரிசு வாங்கிய நாளாம், ஞாபகத்துக்கு வேண்டுமாம். சான்றிதழை மட்டும் பேர் மாற்றி வாங்கித் தரச் சொன்னாள். எழுதிப் போட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.